அத்திமரக் கிணற்றின் நடுவர்

பவுலினோ பெர்ரோகால் வலது கையால் முத்திரை குத்தமாட்டார். அல்கோர்சுவேலா நகராட்சியில் முப்பது வருஷமாக அவர்தான் பதிவுக் குமாஸ்தா. பிறப்பு, இறப்பு, ஆலிவ் தோப்பின் எல்லைத் தகராறு எதுவானாலும் அவர் முத்திரை விழாமல் அடுத்த மேஜைக்கு நகராது. இடது கையால் குத்துவதால் அந்த முத்திரை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே விழும். எங்கள் ஊரில் நேராகப் பிறந்தவனும் இல்லை, நேராகச் செத்தவனும் இல்லை என்று மாவட்ட அலுவலகத்தில் கேலி பேசுவார்கள்.

வலது கை அப்படிப்பட்ட வேலைக்கு உரியதல்ல. அதில் நகங்கள் இருந்தன. கட்டைவிரல் தொடங்கி மோதிர விரல் வரை நான்கு நகங்கள், கிடார் வாசிக்கிறவர்கள் வளர்ப்பது போல, அளவாக, வளைவாக, மூன்று ரக உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று இருந்தன. தூங்கப்போகும் முன் ஆலிவ் எண்ணெய் தடவுவார். அந்த நகங்களை முன்னிட்டு அவர் பாத்திரம் கழுவியதில்லை. மத்தி மீன் டப்பா திறந்ததில்லை. குளிர்காலத்தில் ஊரே கழியெடுத்து ஆலிவ் மரங்களை அடித்து உதிர்க்கும்போது அவர் ஓரமாக நின்று மேகத்தைப் பார்ப்பார். புனிதரின் பல்லக்கைத் தூக்கத் தோள் கேட்டால்கூட, "நகம் இருக்குல்ல" என்பார். பல்லக்கைத் தோளில் தூக்குகிறவனுக்கு நகம் எதற்குக் குறுக்கே நிற்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஊரே மேஸ்ட்ரோ, அதாவது சங்கீத ஆசான், என்று அழைக்கிறவரிடம் அப்படியெல்லாம் கேட்கலாகாது.

இத்தனை ஏற்பாட்டிலும் ஒன்றே ஒன்றுதான் குறைவு. அவர் கிடார் வாசித்து முப்பத்தொரு வருஷமாகியிருந்தது.

கடைசியாக வாசித்தது 1962 செப்டம்பரில், ஊர்த் திருவிழாவில், சினிமாக் கொட்டகை மேடையில். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. வாசித்தது 'அத்திமரக் கிணறு'. அதை எழுதிய தோன் ஹிலாரியோ எங்கள் ஊர்ப் பள்ளி வாத்தியார்; 'தோன்' என்பது எங்கள் பக்கத்து மரியாதைப் பட்டம். இறந்து நூறு வருஷமாகிறது. சதுக்கத்தில் சிலையாக நின்று புறாக்களுக்குப் பயன்பட்டு வருகிறார். நான்கு நிமிஷப் பாட்டு அது. கட்டைவிரல் கீழ்த்தந்திகளில் சகடை உருளுவது போல நிதானமாக நடக்க வேண்டும். மற்ற மூன்று விரல்களும் ஒரே தந்தியை ஓயாமல் மாறி மாறித் தட்ட வேண்டும். ட்ரெமலோ என்பார்கள். சரியாகத் தட்டினால் தண்ணீர் இடைவிடாமல் ஒழுகுவது போலிருக்கும். தப்பாகத் தட்டினால் நொண்டிக் கழுதை கல் பாவிய தெருவில் போவது போலிருக்கும். எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குத் தங்கள் பெயர் தெரிவதற்கு முன்பே இந்தப் பாட்டு தெரிந்துவிடும். நகராட்சிக்குத் தொலைபேசி செய்து காத்திருந்தால்கூட இதைத்தான் போடுவார்கள், அதுவும் பாதியில் அறுந்து மறுபடி முதலிலிருந்து.

பவுலினோ வாசித்த அன்று பெண்கள் அழுதார்கள். மருந்துக்கடைக்காரரின் தாயார் மயங்கி விழுந்தார். செப்டம்பர் மாதம் அந்தத் தகரக் கொட்டகையில் மயங்கி விழுவதற்குச் சங்கீதம் அவசியமில்லை என்றாலும், அது பவுலினோவின் கணக்கிலேயே எழுதப்பட்டது. மறுநாள் முதல் அவர் மேஸ்ட்ரோ.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் மகா புத்திசாலித்தனம். மறுபடி வாசிக்கவே இல்லை. வாசித்தால் ஒன்று முன்போலவே இருக்கும், இல்லாவிட்டால் முன்னைவிட மோசமாக இருக்கும். இரண்டிலும் தனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று கண்டுகொண்டார். கிடார் பீரோவின் தலைமேல் ஏறியது. அது விட்டுப்போன இடத்தில் இகழ்ச்சி வந்து உட்கார்ந்தது. அதைப் பழகுவது ட்ரெமலோவைவிடச் சுலபமாக இருந்தது, நகமும் உடையவில்லை. வானொலியில் உலகம் புகழும் ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார். பவுலினோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பல்வலிக்காரன் வாசிக்கிற மாதிரி இருக்கு" என்பார். இன்னொருவருக்கு, "இவன் குழாய்த் தண்ணி குடிச்சு வளந்த பய. இவனுக்குக் கிணத்தப் பத்தி என்ன தெரியும்?" மதுக்கடையில் இருப்பவர்கள் ஆமாம் போடுவார்கள். இத்தனை பேரை இகழ்கிறவருக்கு இவர்கள் எல்லோரையும்விட நன்றாக வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

1975இல் நகராட்சி ஒரு கிடார் போட்டி தொடங்கியது. எல்லோரும் கட்டாயம் வாசிக்க வேண்டிய பாட்டு, அத்திமரக் கிணறு. தலைமை நடுவர், வேறு யார்? முதல் பரிசு இருபதாயிரம் பெசெத்தா, வெள்ளி முலாம் பூசிய ஒரு தட்டு, மலையில் இரண்டு வருஷம் காயவைத்த ஒரு முழுப் பன்றித்தொடை. தகுதியான ஆள் இல்லையென்றால் எங்கள் நாட்டு நடுவர்கள் பரிசு 'பாலை' என்று அறிவித்துவிடுவார்கள். அதாவது வெறும் மணல்தான் கண்ணுக்குத் தெரிகிறது, ஒரு செடிகூட முளைக்கவில்லை என்று பொருள். மற்ற ஊர்களில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை இப்படி நடக்கும். எங்கள் ஊரில் பதினெட்டு வருஷமும் நடந்தது. பணம் கஜானாவுக்குத் திரும்பியது. தட்டு அலமாரிக்குத் திரும்பியது. பன்றித்தொடைக்கு மட்டும் திரும்பிப்போக இடமில்லாததால், மருந்துக்கடை தோன் எவாரிஸ்தோ, பங்குச் சாமியார் தோன் க்ளெமெந்தே, பவுலினோ ஆகிய மூன்று நடுவர்களும் அதைப் பெருந்தன்மையோடு தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். மற்ற இரண்டு நடுவர்களும் பவுலினோவின் தீர்ப்பை ஒருமுறைகூட மறுத்துப் பேசாததற்கு அவருடைய சங்கீத ஞானம்தான் காரணம் என்று அவர் நம்பினார்.

1993இல் கலாசாரப் பொறுப்புக்கு நூரியா என்ற புது உறுப்பினர் வந்தார். முப்பது வயதுப் பெண். கையில் ஒரு கோப்போடு ஆகஸ்ட் நடுவில் பவுலினோவின் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தோன் பவுலினோ, ஒரு சின்னச் சந்தேகம்."

"கேளும்மா."

"பதினெட்டு வருஷமா முதல் பரிசு பாலை."

"ஆமா. கலைக்குத் தரம்னு ஒண்ணு இருக்கில்லையா?"

"தரத்தப் பத்தி நான் கேக்க வரல. தொடையப் பத்திக் கேக்க வந்தேன். பதினெட்டுத் தொடை எங்க?"

பவுலினோ நகங்களைப் பார்த்துக்கொண்டார். "அது கெட்டுப்போற பண்டம்மா. வீணாக்கக் கூடாதுன்னு நடுவர் குழு..."

"தின்னுருச்சு."

"பொறுப்பேத்துக்கிச்சு."

"சரி. அதுக்காகப் போட்டியோட விதிமுறைய எடுத்துப் பாத்தேன். பதினோராவது விதி படிச்சிருக்கீங்களா?"

"விதியெல்லாம் எவன் படிக்கிறான்?"

நூரியா படித்தார். 'முதற்பரிசு பாலை என அறிவிக்கப்படுமாயின், பொதுமக்கள் தாகத்தோடு வீடு திரும்பாதிருக்கும் பொருட்டு, தலைமை நடுவர் அவ்விடத்திலேயே கட்டாயப் பாடலை முழுமையாக வாசித்துக் காட்டுவாராக.' பன்னிரண்டாவது விதியும் அடுத்தே இருந்தது. 'முதற்பரிசு வென்றவர் அடுத்த ஆண்டு முதல் தலைமை நடுவராக அமர்வாராக.'

"எந்த முட்டாள் இத எழுதினான்?" என்றார் பவுலினோ.

நூரியா தாளைத் திருப்பிக் காட்டினார். "கையெழுத்து உங்களுது. முத்திரைகூடச் சாஞ்சிருக்கு."

எழுதியது அவர்தான். 1975இல், மது அருந்திய ஒரு மத்தியானத்தில், தன் பெருமைக்கு ஒரு கோபுரம் கட்டுவதாக நினைத்துக்கொண்டு எழுதினார். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் ஒருத்தரும் அந்தத் தாளைத் தொடவில்லை. எங்கள் ஊரில் விதிகளைப் பாதுகாக்கும் முறையே அதுதான்.

இந்த வருஷம் பதினோராவது விதி அமலுக்கு வருகிறது என்று நகராட்சி வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். பவுலினோவுக்கு இரண்டே வழிகள் மிஞ்சின. பாலை என்றால் மேடையேறி வாசிக்க வேண்டும். யாருக்காவது பரிசைக் கொடுத்தால் நாற்காலி போய்விடும். நாற்காலி போய்விட்டால் அவர் யார்? நீளமாக நகம் வளர்த்த ஒரு குமாஸ்தா.

நல்லதாக ஒரு பையனைப் பார்த்துப் பரிசைக் கொடுத்துவிட்டு, கலையைக் காப்பாற்றினேன் என்று கௌரவமாக எழுந்து போகலாம் என்று ஒரு யோசனை ஓடியது. மதுக்கடையில் அதுவும் முடிந்துபோனது.

"மச்சான்! வாசிக்கப் போறியாமே!" என்று உள்ளே நுழையும்போதே கத்தினான் நிகாஸியோ. பவுலினோவின் மனைவி ரெமெதியோஸின் தம்பி, நானூறு ஆலிவ் மரமும் ஒரு டிராக்டரும் உலகத்தில் இருக்கிற எல்லா விஷயத்தைப் பற்றியும் ஓர் அபிப்பிராயமும் உள்ளவன். "பீரோ மேலேர்ந்து எறக்கறதுக்கு என் டிராக்டர் அனுப்பவா?"

"யாருக்காவது பரிசு கெடைச்சா நான் எதுக்கு வாசிக்கணும்?"

"யாருக்குக் குடுப்ப? ஆள் வேணுமே. உன்கிட்ட அவமானப்பட்டவன் இந்த மாவட்டத்துல பாக்கியே இல்ல. இந்த வருஷம் பேர் குடுத்தது மொத்தம் ஒருத்தன்."

"எவன்?"

"நான்தான்."

மதுக்கடைக்காரர் ஊற்றிக்கொண்டிருந்த காப்பி தட்டில் வழிந்தது.

"உனக்குக் கிடாரப் பிடிக்கத் தெரியுமாடா?" என்றார் பவுலினோ.

"தபால்ல பாடம் வருது. இருபது கேசட்டு, இருபது புத்தகம். ரெண்டு வருஷமா டிராக்டர்ல கேட்டுக்கிட்டே உழறேன். பதினெட்டாம் புத்தகத்துல நம்ம கிணறு இருக்கு, மச்சான்."

"உன் நகத்தப் பாத்தியா? மாட்டுக் குளம்புல இதவிட அழகு இருக்கும்."

"நகத்துல என்ன இருக்கு? நீ முப்பது வருஷம் வளத்த. ஒரு பாட்டு மொளைச்சுதா?"

மதுக்கடையில் சிரித்தார்கள். பவுலினோ எழுந்து வெளியே வந்தார். நிகாஸியோவுக்குப் பரிசு கொடுத்தால் நாற்காலியில் நிகாஸியோ உட்காருவான். இனி வாழ்நாள் பூராவும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலும், ரொட்டியை எண்ணெயில் தோய்த்துக்கொண்டே, சங்கீதம் பற்றி அவன் சொல்வதைக் கேட்க வேண்டும். அதைவிடச் சாவது மேல். சாவதைவிட வாசிப்பது மேல். போட்டிக்குப் பதினோரு நாள் இருந்தது.

ரெமெதியோஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கிடார் உறையிலிருந்து தூசியும் ஒரு பூச்சிக் கூடும் 1962ஆம் வருஷத்துத் திருவிழா அனுமதிச்சீட்டும் வெளியே வந்தன. தந்திகள் மங்கிப்போயிருந்தன. புதிதாக வாங்கிப் போட்டார். சுருதி சேர்த்தார், அந்த ஒரு விஷயத்தில் காது இன்னும் மரியாதையாக இருந்தது. பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பாதத்தைச் சிறிய பலகையின்மேல் வைத்து, நகங்களைத் தந்தியில் வைத்தார். முப்பத்தொரு வருஷம் எண்ணெயில் ஊறிய நகங்கள்.

நொண்டிக் கழுதை கல் பாவிய தெருவில் போயிற்று.

"யாரு கதவத் தட்றது?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் ரெமெதியோஸ்.

"வாசிக்கறேன்டி!"

"ஓ."

நகங்கள் அழகாக இருந்தன. விரல்களுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. மோதிர விரல் தன் முறை வரும்போது தூங்கிக்கொண்டிருந்தது. நடுவிரல் அதன் வேலையையும் சேர்த்துச் செய்யப் போய்க் காலிடறியது. மறுநாள் மெதுவாக ஆரம்பித்தார். மூன்றாம் நாள் இன்னும் மெதுவாக. நான்காம் நாள் ஒரு ஆச்சரியம் நடந்தது. இடது கை தானாகவே நடந்துபோயிற்று. எந்த விரல் எங்கே என்று அவர் யோசிக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் கால் போவது போல அது போயிற்று. ஒரு பக்கம் முழுவதும் போய், பாட்டின் இருபத்தி நாலாவது தாளக் கட்டத்துக்கு வந்ததும் நின்றது. அதற்கு அப்பால் வழி இல்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் இருபத்தி நாலில் நின்றது. நகராட்சித் தொலைபேசி போல.

வேறு வழியில்லாமல் பழைய இசைத்தாளைத் தேடி எடுத்தார். இதைச் சொல்லியாக வேண்டும்: போட்டி தொடங்கிய நாளிலிருந்து ஒரு வருஷமாவது அவர் அந்தத் தாளைத் திறந்ததில்லை. தாளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது படிக்காத நடுவர்களின் பழக்கம் என்று சொல்லிவந்தார். இருபத்தி நாலாம் கட்டம் தாளில் சாதாரணமாகவே இருந்தது. அதைக் கடந்து போனார். கடைசி வரிக்கு வந்தார். கடைசிக் கட்டத்தில் அவர் விரல் நின்றுபோயிற்று.

அத்திமரக் கிணற்றின் கடைசிச் சுரம் நீளமாக ஒலித்து, தேய்ந்து, தானாக மடிய வேண்டும். இது பவுலினோவின் வேதம். பதினெட்டு வருஷத் தீர்ப்புகளும் இதன்மேல் நின்றன. கடைசிச் சுரத்தைத் தானாகச் சாகவிடாமல் உள்ளங்கையை வைத்து நிறுத்தியவர்கள் எல்லோரையும் அவர் தோற்கடித்திருந்தார். ஆனால் தாளில் இருந்தது குட்டைச் சுரம். அதன் பக்கத்தில் மௌனக் குறி. கீழே தோன் ஹிலாரியோவின் சொந்த வார்த்தையில், 'உடனே நிறுத்து; வாளி தண்ணீரைத் தொட்டது.' அதன்மேல் கொஞ்சம் தூசி இருந்தது. அதைத் துடைத்துப் பார்த்தார். துடைத்த பிறகும் அப்படியே இருந்தது.

அப்படியானால் நீளமான சுரம் எங்கிருந்து வந்தது? அது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அதுதான் அவமானம். 1962இல் கடைசிச் சுரத்தை மீட்டிய பிறகு, முன்னூறு முகங்களைப் பார்த்துப் பயத்தில் கை உறைந்துபோயிற்று. நிறுத்தும் கை எழவில்லை. தந்தி தன் பாட்டுக்கு அதிர்ந்துகொண்டே இருந்தது. ஊர் அழுதது. ஒரு பயந்தாங்கொள்ளியின் உறைந்துபோன கையைத்தான் அவர் பதினெட்டு வருஷமாகச் சட்டமாக நடத்திவந்தார்.

1983இல் ஒரு பெண் வந்தாள். பக்கத்து ஊர், பத்தொன்பது வயது. அவளுடைய ட்ரெமலோவில் உண்மையாகவே தண்ணீர் ஒழுகியது. அதை அவர் அன்றைக்கே அறிந்திருந்தார். கடைசிச் சுரத்தில் அவள் உள்ளங்கையை வைத்து நிறுத்தினாள். 'வாசல்வரை தூக்கி வந்த குழந்தையை வாசற்படியில் கழுத்தை நெரிக்கிறாள்' என்று அவர் எழுதினார். மதுக்கடையில் அந்த வாக்கியத்தை ஒரு வருஷம் சொல்லிச் சொல்லி ரசித்தார்கள். அவள் இப்போது மாவட்டத் தலைநகரில் மூக்குக்கண்ணாடி விற்கிறாள். கிடாரை விற்றுவிட்டதாகக் கேள்வி.

பவுலினோ அன்றைக்குச் செய்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஒரு பென்சிலை எடுத்து, குட்டைச் சுரத்தின் தலைமேல் 'நீட்டு' என்று அர்த்தப்படும் பிறைக் குறி ஒன்றைப் போட்டார். அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நிம்மதியாக இருந்தது. சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது, அந்தப் பழைய தாளில் அந்தப் பிறை மட்டும் புதுப் பென்சிலில் அசிங்கமாக மினுங்கியது. அழித்தார். அழித்த இடத்தில் தாள் தேய்ந்துபோயிற்று.

"எப்படிப் போகுது?" என்று ரெமெதியோஸ் கதவருகே நின்று கேட்டாள்.

"தோன் ஹிலாரியோவுக்குப் பாட்ட முடிக்கத் தெரியல."

"பாவம். நீ சொல்லிக் குடுத்திருக்கலாம்."

அவள் கேலி செய்கிறாளா என்று அவர் முகத்தைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் அந்த முகத்தில் எதையும் அவரால் படிக்க முடிந்ததில்லை.

செப்டம்பர் முதல் ஞாயிறு, மதியம் பன்னிரண்டு மணி. சினிமாக் கொட்டகையில் உட்கார இடமில்லை. பதினெட்டு வருஷமாக நாற்பது பேருக்குமேல் வராத போட்டி அது. சங்கீதத்துக்காக வந்தவர்கள் வழக்கம்போல அதே நாற்பது பேர்தான். மற்றவர்கள் மேஸ்ட்ரோவைப் பார்க்க வந்தார்கள். மேடையோரம் பன்றித்தொடை மரச்சட்டத்தில் மாட்டி நின்றது. தோன் எவாரிஸ்தோவும் தோன் க்ளெமெந்தேயும் அதை நடுநிலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிகாஸியோ கோட்டு போட்டுக்கொண்டு வந்தான். டிராக்டர் ஓட்ட உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து வாசித்தான். அது ட்ரெமலோ அல்ல. ஆலிவ் மரத்தைக் கழியால் அடிப்பது. மூன்று இடத்தில் தப்பினான், தப்பும்போதெல்லாம் "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தான். ஆனால் நிற்கவில்லை. இருபத்தி நாலாம் கட்டத்தை உழவுசால் மாதிரி நேராகக் கடந்துபோனான். கடைசிச் சுரம் வந்தது. பட்டென்று உள்ளங்கையை வைத்து நிறுத்தினான். பதினெட்டாம் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அதற்குமேல் யோசிக்க அவனுக்கு ஞானம் போதாது.

கொட்டகையில் ஒரு கணம் சத்தமே இல்லை. வாளி தண்ணீரைத் தொட்டுவிட்டது என்று பவுலினோவுக்குத் தோன்றியது. அது நிகாஸியோவின் கையிலிருந்து வந்தது என்பதை மட்டும் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

எழுந்தார். தொண்டையைச் செருமினார். "பரிசு பாலை."

"அப்ப ஏறுங்க மேஸ்ட்ரோ!" என்று பின்வரிசையில் எவனோ கத்தினான்.

ஏறினார். விளக்கு கண்ணில் அடித்தது. முன்னூறு முகங்கள், முப்பத்தொரு வருஷம் கிழடாகி, அதே வரிசைகளில் உட்கார்ந்திருந்தன. ஆரம்பித்தார். முதல் பக்கம், அவரை இகழ்கிறவர்கள்கூட ஒத்துக்கொள்ள வேண்டும், மோசமில்லை. பதினோரு நாளில் மோதிர விரல் பாதி விழித்திருந்தது. இரண்டொரு இடத்தில் தண்ணீர்கூட ஒழுகியது. இருபத்தி நாலாம் கட்டம் வந்தது. கை நின்றது.

மறுபடி முதலிலிருந்து வாசித்தார். கை நின்றது.

மூன்றாம் தடவை நின்றபோது முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் அடுத்த கட்டத்தை மெல்ல முனகிக் காட்டியது. நிகாஸியோதான். கேலி செய்யவில்லை, உண்மையிலேயே உதவிதான் செய்தான். அது அதைவிட மோசம். பக்கத்திலிருந்தவர் சேர்ந்துகொண்டார். பாட்டுதான் எல்லோருக்கும் தெரியுமே. மூன்றாவது வரிசை, ஏழாவது வரிசை, மாடியில் நின்றவர்கள், கொட்டகை முழுவதும் அத்திமரக் கிணற்றை மூக்கால் முனகியது. மேஸ்ட்ரோவை அக்கரை சேர்க்க ஊரே தோள் கொடுத்தது.

"நிறுத்துங்க!" என்று பவுலினோ கத்தினார். "யாரு அது பாடுறது? சுருதியே இல்ல! மூணாவது வரிசையில எல்லாருக்கும் காது செவிடா?"

முனகல் நின்றது.

"இப்படிப்பட்ட சபையில எந்த மனுஷன் வாசிப்பான்? இந்த வருஷம் பரிசு மட்டும் பாலை இல்ல. சபையும் பாலை!"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு விபரீதமாகப் பட்டது. நூரியா கோப்போடு எழுந்தார். "பதினோராவது விதியில 'முழுமையாக'ன்னு இருக்கு, தோன் பவுலினோ. முழுசா வாசிக்கலன்னா தீர்ப்பு செல்லாது. மத்த ரெண்டு நடுவர்களும் என்ன சொல்றீங்க?"

பதினெட்டு வருஷமாக வாயைத் தின்பதற்கு மட்டும் திறந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நிகாஸியோ கடைசி வரைக்கும் வந்தாரு," என்றார் தோன் எவாரிஸ்தோ தரையைப் பார்த்துக்கொண்டே.

"எனக்குக் காது சரியாக் கேக்காது," என்றார் சாமியார். "ஆனா அவன் முடிச்சான். முடிஞ்சுதுன்னு எனக்கே தெரிஞ்சுது."

அவ்வளவுதான். தட்டு நிகாஸியோவுக்கு. நாற்காலி நிகாஸியோவுக்கு. நிகாஸியோ தட்டை அக்காவிடம் எறிந்துவிட்டு, கோட்டைக் கழற்றி, மேடையோரமாகவே கத்தியை எடுத்தான். "எல்லாரும் வாங்க! பதினெட்டு வருஷமா மூணு பேரு தின்னது போதும்!" கொட்டகை எழுந்தது. நாற்காலிகள் சரிந்தன. யாரோ மது ஜாடிகளைக் கொண்டுவந்தார்கள். கத்தி தோலில் இறங்கும் ஓசையும், குழந்தைகளின் கூச்சலும், எனக்கு உனக்கு என்கிற சத்தமும் தகரக் கூரையில் முட்டி எதிரொலித்தன.

மேடை நடுவில் பவுலினோ கிடாரோடு உட்கார்ந்தே இருந்தார். அவரை இறங்கச் சொல்லக்கூட ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. ஒருவன் மேடையேறி, அவர் பாதத்துக்குக் கீழே இருந்த பலகையை, ஜாடி வைப்பதற்காக, "கொஞ்சம் காலத் தூக்கு, பவுலினோ" என்று எடுத்துப்போனான். மேஸ்ட்ரோ என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லாததை அவன் கவனிக்கவும் இல்லை.

காலைத் தரையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், அவர் இருபத்தி நாலாம் கட்டத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். கேட்க ஆளில்லாததால் கை பயப்பட மறந்துவிட்டது. கட்டம் விட்டுக்கொடுத்தது. அடுத்தது, அதற்கடுத்தது. மோதிர விரல் இரண்டு இடத்தில் தூங்கியது. கட்டைவிரல் விடாமல் நடந்தது. கடைசிச் சுரத்துக்கு வந்தார். மீட்டினார். உள்ளங்கையை வைத்து நிறுத்தினார்.

பாட்டு முடிந்தது ஒருத்தருக்கும் தெரியாது. ரெமெதியோஸ்கூட ரொட்டி வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். பத்துக்கு நான்கு, என்று பவுலினோ மனசுக்குள் எழுதிக்கொண்டார். கொஞ்சம் யோசித்து, மூன்றரையாகத் திருத்தினார்.

"மச்சான்!" தலைமை நடுவர் கத்தி நுனியில் ஒரு துண்டைக் குத்தி மேடைக்கு நீட்டினான். "என்ன அங்கயே உக்காந்துட்ட? கொழுப்போட வேணுமா, இல்லாம வேணுமா?"

"கொழுப்போட."

வாங்கி வாயில் போட்டு, கண்ணை மூடி, நெடுநேரம் மென்றார். சுற்றி நின்றவர்கள் பழக்கதோஷத்தில் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"உப்பு ஜாஸ்தி," என்றார்.

அதற்குள் அவர்கள் தின்ன ஆரம்பித்திருந்தார்கள்.